வானுக்குப் பிரேக் பாட்: கம்பனிப் பெட்டியா, கடைச் சாமானா?

செங்கலடியிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி, 2024 மார்ச் 8

அண்ணன், என்னிடம் 2014ஆம் ஆண்டு வாகன் ஆர் இருக்கிறது. முன் பிரேக் பாட் தேய்ந்துவிட்டது. கம்பனி விற்பனையகத்தில் சொல்லும் விலை, காத்தான்குடிக் கடையில் சொல்லும் விலையைப் போல் இரண்டரை மடங்கு. "இதுவும் ஜப்பான்தான்" என்கிறார் கடைக்காரர். பெட்டிக்காகவா அவ்வளவு பணம்? நீங்கள் பாடசாலை வான் ஓட்டுகிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

2024 மார்ச் 9, காலை

கம்பனிச் சாமானையே வாங்குங்கள், தம்பி. இருக்கை உறையில் மிச்சம் பிடியுங்கள், கண்ணாடியில் மிச்சம் பிடியுங்கள். பிரேக்கில் வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 2023இல் எல்லாச் சாமானும் விலை ஏறி நின்ற காலத்தில், என் டொல்பின் வானுக்கு, அதாவது பழைய டொயோட்டா ஹைஏஸுக்கு, கடையில் இருந்ததிலேயே மலிவான முன் பாட் வாங்கிப் போட்டேன். மூன்றாம் மாதம் ஒரு காலை, மட்டக்களப்புக்குத் தெற்கே களுவாஞ்சிக்குடியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறேன். குருக்கள்மடத்தில் மாடு ஒன்று வேலிக்குள்ளிருந்து பாய்ந்து வீதிக்கு வந்தது. பிரேக்கை அழுத்தினேன். வான் நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை, வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் எதிர் வரிசையில் நின்றது. அந்த நேரம் எதிரே பஸ் வராததற்கு நான் எந்தக் காரணமும் சொல்ல முடியாது. உள்ளே பதினான்கு பிள்ளைகள்.

ஆரையம்பதி கராஜில் சக்கரத்தைக் கழற்றியபோது இடப்பக்கத்து வெளிப்புறப் பாட்டின் உராய்வுப் பகுதி இரும்புத் தகட்டிலிருந்து பிரிந்து தனியே கிடந்தது. தகடு மட்டும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் உரசியிருந்தது. இடப்பக்கம் பிடிக்கவில்லை, வலப்பக்கம் பிடித்தது, அதனால் வலப்பக்கம் இழுத்தது. அன்றே கம்பனிப் பெட்டி வாங்கினேன். அதற்குப் பிறகு வேறு பேச்சு இல்லை.

2024 மார்ச் 9, இரவு

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்கள் வாகன் ஆர் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த எம்.எச்.34.எஸ் வகையாக இருக்கும். இந்தியாவில் செய்யும் வாகன் ஆர் வேறு வண்டி, உடலும் பெரிது. பெயர் ஒன்று என்பதற்காகப் பாட் ஒன்றாகாது. கடைக்குப் போகும்போது வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள், செசி இலக்கத்தைக் கொடுங்கள். பழைய பாட்டையும் பொலித்தீன் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

2024 மார்ச் 16

காத்தான்குடிக்குப் போயிருந்தேன். நான் பல வருடமாகச் சாமான் வாங்கும் நானாவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. மேசையில் இரண்டு பாட்டை எடுத்து வைத்தார்: ஒன்று டொயோட்டா பெட்டியிலிருந்து, மற்றது அக்கேபோனோ பெட்டியிலிருந்து. "தம்பி, டொயோட்டா கம்பனி பிரேக் பாட் செய்கிறதென்றா நினைத்தீர்கள்?" என்று கேட்டார்.

செய்வதில்லை. ஜப்பான் வண்டிகளுக்குப் பாட் செய்து கொடுப்பவை அக்கேபோனோ, அட்விக்ஸ், நிஷின்போ போன்ற தனி நிறுவனங்கள். அக்கேபோனோ 1929இல் தொடங்கியது. அட்விக்ஸ் 2001இல் ஐசின், டென்சோ, சுமிட்டோமோ எலக்ட்ரிக், டொயோட்டா நான்கும் சேர்ந்து உருவாக்கியது. வண்டிக் கம்பனி அவர்களிடம் வாங்கித் தன் பெட்டியில் போட்டுத் தன் இலக்கத்தைக் குத்தி விற்கிறது. டொயோட்டா முன் பாட் என்றால் இலக்கம் 04465 என்று தொடங்கும், பின் சக்கர டிரமுக்குள் அழுத்தும் வளைந்த சூ என்றால் 04495.

ஆகவே சென்ற கிழமை நான் எழுதியதைப் பாதி திருத்துகிறேன். அதே செய்பவரின் சொந்தப் பெட்டியில் வரும் பாட்டை "கடைச் சாமான்" என்று தள்ளியது நியாயமில்லை. 2023இல் நான் வாங்கியதில் செய்பவர் பெயரே இருக்கவில்லை. ஒரு கழுகுப் படம்தான் இருந்தது. அதையும் அக்கேபோனோவையும் ஒரே கூடையில் போட்டுவிட்டேன்.

மற்றப் பாதியை விடமாட்டேன். செய்பவர் ஒருவரே என்றாலும் உராய்வுப் பகுதியின் கலவை ஒன்றாகவே இருக்கும் என்று எவரும் உறுதி தரவில்லை. வண்டிக் கம்பனிக்கு ஒரு கலவை, வெளிச் சந்தைக்கு வேறு கலவை என்று செய்வது இந்தத் தொழிலில் வழக்கம்தான். வெளிச் சந்தைக் கலவை மோசம் என்று அர்த்தமில்லை. மிதித்த கால் உணர்வது வேறாக இருக்கும், சத்தம் வேறாக இருக்கும், தேயும் வேகமும் வேறாக இருக்கும்.

2024 மார்ச் 17

பாட்டின் விளிம்பைப் பாருங்கள். நீண்ட எழுத்துவரிசையின் கடைசியில் எஃப்எஃப், ஈஈ, ஜிஜி, ஜிஎஃப் என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பது. ஈ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை; ஜி 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்தை விட இரண்டாவது எழுத்து கீழே இறங்கியிருந்தால், சூடேறும்போது பிடி குறையும் பாட் அது. எங்கள் கரையோரச் சமதரையில் அது தெரியாது, மலையில் தெரியும்.

இதையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ஓர் அங்குலச் சதுரத் துண்டை வெட்டி ஆய்வுகூடத்தில் தேய்த்துப் பெறும் எழுத்து இது. தகட்டோடு எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது, எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் என்பதை அது சொல்லாது. எனக்குப் பிரிந்துபோன பாட்டிலும் எஃப்எஃப் என்றுதான் இருந்தது.

இன்னொரு அடையாளம்: வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் இலக்கமும், பக்கத்தில் 90ஆர் என்றும் இருந்தால் அது ஐரோப்பிய ஒழுங்குவிதி 90இன்படி சோதித்தது. மாற்றுப் பாட்டின் பிடி மூலப் பாட்டின் பிடியிலிருந்து 15 வீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது அந்த விதியின் சாரம். பெட்டியில் மட்டும் அச்சடித்திருந்தால் போதாது, பாட்டின் தகட்டிலேயே இருக்க வேண்டும்.

2024 மார்ச் 31

ஆரையம்பதி கராஜ் மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னுடைய பிரிந்த பாட்டை அவர் எறியவில்லை; பால்மாத் தகரம் ஒன்றுக்குள் பழைய கலிப்பர் பின்களோடு போட்டு வைத்திருந்தார். "நீ எல்லாரிடமும் பாட் பிழை, பாட் பிழை என்று சொல்லித் திரிகிறாயாம். இதையும் பார், மனே" என்று தகட்டைக் கையில் தந்தார்.

தகட்டின் ஓரம் முழுக்கத் துரு. துரு உள்ளே ஊர்ந்து, உராய்வுப் பகுதியை அடியிலிருந்து நெம்பித் தூக்கியிருக்கிறது. தகரத்தில் கிடந்த கலிப்பர் பின் ஒன்றையும் காட்டினார். பாட்டை டிஸ்கில் அழுத்தும் கவ்விதான் கலிப்பர், அது நகர்வது இந்தப் பின்னில். அதில் ரப்பர் உறை கிழிந்திருந்தது, பின் துருவேறி இறுகியிருந்தது. பின் அசையாவிட்டால் கலிப்பர் திரும்பி விலகாது. காலை எடுத்த பிறகும் பாட் டிஸ்கில் உரசிக்கொண்டே சூடேறும். அந்தச் சூடும் துருவும் சேர்ந்துதான் ஒட்டியிருந்த பகுதியைக் கழற்றியிருக்கின்றன.

மலிவுப் பாட்டின் தகட்டில் பூச்சு மெல்லியது, அதனால் துரு சீக்கிரம் பிடித்தது. அது உண்மை. ஆனால் பின்னைக் கழற்றித் துடைத்து சிலிக்கன் கிரீஸ் போட்டிருந்தால் அந்தப் பாட் அப்படிச் சூடேறியிருக்காது. பாட் மாற்றியபோது "பின் சரியா?" என்று நான் கேட்கவில்லை. நேரமில்லை, பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும் என்று நின்றேன். அந்தப் பிழை என்னுடையது.

எங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரவு முழுவதும் உப்புக் காற்று வண்டிக்கு அடியில்தான். கண்டியில் ஓடும் வானும் கல்லடியில் நிற்கும் வானும் ஒன்றாகத் துருப்பிடிக்காது. பாட் மாற்றும் ஒவ்வொரு முறையும் பின்னைக் கழற்ற வேண்டும். அதற்குக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 21

புத்தாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு பதுளைக்குப் போய் வந்தோம். செங்கலடி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறும் வீதி. முன்னால் கம்பனிப் பாட், பாதிகூடத் தேயாதது. நான் பயமில்லாமல்தான் போனேன்.

இறங்கும்போது லுணுகலைக்குக் கீழே பிரேக் மிதி பஞ்சு போலானது. மிதித்தால் பாதி தூரம் வெறுமையாகப் போகிறது. மனைவிக்குச் சொல்லவில்லை. இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து, தேநீர்க்கடை ஒன்றின் முன்னால் நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகு மிதி பழையபடி இறுகியது.

ஊருக்கு வந்து மாமா பிரேக் ஒயிலைத் திறந்தார். பிளேன்டீ நிறம். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று இருவருக்குமே நினைவில்லை. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தரத்தில் வரும் புதிய ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி; 3.7 வீதம் நீர் சேர்ந்த ஒயிலுக்கு அதே விதி 140 பாகைதான் கேட்கிறது. டொட் 4 என்றால் 230, நீர் சேர்ந்தால் 155. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். ஒயிலை அழுத்தலாம், அது அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிவிடும், சக்கரத்துக்கு ஒன்றும் போகாது.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டேன். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரம். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியை ஒருமுறை நிறுத்தப் பிரேக் விழுங்கும் சக்தியையும், 680 மீற்றர் இறங்குவதில் வண்டி விடும் சக்தியையும் ஒப்பிட்டால், இறக்கம் முழுவதும் நாற்பத்தெட்டு முறை நிறுத்துவதற்குச் சமம். வண்டியின் எடை இந்தக் கணக்கில் வெட்டுப்பட்டுவிடும். வாகன் ஆருக்கும் பஸ்ஸுக்கும் அதே நாற்பத்தெட்டுத்தான். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுக்கும். மீதியை எஞ்சினிடம் கொடுக்கிறோமா, பிரேக்கிடம் கொடுக்கிறோமா என்பது நாம் போடும் கியரில் இருக்கிறது. நான் மூன்றாம் கியரில் இறங்கினேன்.

இப்படி இருக்க, எந்தப் பெட்டிப் பாட் என்பது அங்கே என்ன செய்திருக்கும்?

2024 ஏப்ரல் 22

நேற்றுக் கடைசியில் எழுதியது அதிகப்படி. பாட்டும் செய்யும், சூட்டில் பிடி விடும் பாட்டாக இருந்திருந்தால் தேநீர்க்கடை வரை போயிருப்பேனா என்று தெரியாது. ஆனால் என்னுடைய ஒழுங்கு மாறிவிட்டது: முதலில் ஒயில், அடுத்து கலிப்பர் பின்னும் ரப்பரும், அதற்குப் பிறகுதான் பாட்டின் பெட்டி. டொட் 3 கேட்கும் வண்டிக்கு டொட் 4 போடலாம், கேடில்லை. டொட் 5 போடக்கூடாது. அது சிலிக்கன், இவற்றோடு சேராது. டொட் 5.1 என்பது டொட் 5 அல்ல என்பதையும் கவனியுங்கள்.

2024 மே 19

ஏறாவூரிலிருந்து ஓர் ஆட்டோக்காரத் தம்பி கேட்கிறார்: டிரம் சூவுக்கு லைனர், அதாவது உராய்வுப் பட்டை, ஒட்டிக் கொடுக்கிறார்கள், புதுச் சூ வாங்குவதை விட மிக மலிவு, செய்யலாமா?

பஜாஜ் ஆட்டோவுக்கு மூன்று சக்கரத்திலும் டிரம், ஒயிலில் இயங்குவது. லைனர் ஒட்டுவது பழைய, நல்ல தொழில். தறையாணி அடித்தோ, பசை பூசி இறுக்கிச் சூளையில் வைத்தோ ஒட்டுவார்கள். ஒழுங்காகச் செய்பவர் பழைய பசையை இரும்பு தெரியச் சுரண்டுவார், ஒட்டிய பின் டிரமின் வளைவுக்கு ஏற்ப அரைத்துக் கொடுப்பார். பத்து நிமிடத்தில் கையில் தந்தால் வாங்காதீர்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். டிரமுக்குள் சூவைத் தள்ளும் வீல் சிலிண்டரை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவ விடாதீர்கள். பிரேக் ரப்பருக்கு மண்ணெண்ணெய் பட்டால் அது ஊதி மெதுமெதுப்பாகிவிடும். போட்ட அன்று நன்றாக இருக்கும், சில நாளில் ஒழுகும். பிரேக் ஒயிலாலேயே கழுவலாம். ரப்பரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். செய்கன் என்ற பெயரில் வரும் ரப்பர்த் தொகுதி இங்கே கிடைக்கிறது, நான் பல வருடமாகப் பாவிக்கிறேன்.

டிரமைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் பழக்கமும் நிற்க வேண்டும். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. பெயரில்லாத சாமானில் இன்று என்ன இருக்கிறது என்று யாரும் எழுதித் தருவதில்லை. ஈரத் துணியால் துடையுங்கள். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்க வேண்டாம்.

2024 ஜூன் 30

போலிப் பெட்டி. நேரில் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு ஆசிரியை தன் காருக்கு வேறு நகரத்தில் பாட் வாங்கி வந்தார். பெட்டி கம்பனிப் பெட்டி போலவே இருந்தது, விலையும் கம்பனி விலைக்கு ஐந்நூறு ரூபாய்தான் குறைவு. மாமா கையில் எடுத்ததும் சிரிக்கவில்லை, பேசவில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தகட்டின் ஓரம் கூராக, அரம் போடாமல் இருந்தது. விளிம்பில் எழுத்து இல்லை. சத்தத்தைத் தடுக்கும் சிம் தகடு பசையால் கோணலாக ஒட்டியிருந்தது. பெட்டியின் இலக்கத்தைத் தேடினால் அது பின் சூவின் இலக்கம். உள்ளே இருந்தவை முன் பாட்.

ஆகவே "கம்பனிப் பெட்டி வாங்குங்கள்" என்று நான் முதல் நாள் சொன்ன புத்தி இந்த ஆசிரியைக்கு உதவியிருக்காது. பெட்டியைத்தான் அவர் நம்பினார். கம்பனிப் பெட்டி என்றால் கம்பனி விற்பனையகத்தில், பற்றுச்சீட்டோடு. கடைப் பெட்டி என்றால் நாளைக்கும் அதே மேசைக்குப் பின்னால் இருக்கப்போகும் மனிதரிடம். காத்தான்குடி நானா ஒருமுறை எனக்கு விற்ற பாட் சத்தம் போட்டபோது, கழற்றிக் கொண்டுவரச் சொல்லி மாற்றித் தந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டியிருந்தது, திறக்கும் வரை வாசலில் நின்றேன்.

2024 ஆகஸ்ட் 11

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குச் சின்னக் குறிப்பு. அக்குவா, பிரியஸ் இரண்டும் மெதுவாக நிறுத்தும்போது பெரும்பாலும் மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்து மின்கலத்துக்கு அனுப்பும். பாட் தேயாது, மகிழ்ச்சி. ஆனால் பாட் உரசாத டிஸ்கில் உப்புத் துரு தங்கும், அசையாத கலிப்பர் பின் இறுகும். தேயவில்லை என்பதற்காகத் திறக்காமல் விடாதீர்கள்.

2024 செப்டம்பர் 15

முன் பாட் எனக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைப் பாட், கம்பனிப் பாட் இரண்டையும் குறை சொன்னேன். டொல்பினின் பின் அச்சுக்கு மேலே, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. அதன் கை துருவேறி, வெறும் வான் நிற்கும் நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. பதினான்கு பிள்ளைகளும் பைகளும் இருந்தாலும் பின் சக்கரங்கள் ஆளில்லாத வானுக்குரிய அளவே பிடித்தன. மீதிப் பாரமெல்லாம் முன்னால். மாமா அதை விடுவித்து, அளவு பார்த்துக் கட்டினார்.

ஒரு சின்னவள் அன்றைக்குப் பின் இருக்கையிலிருந்து, "வான் மாமா, இன்றைக்கு வான் மூக்கைக் கீழே குத்தவில்லை" என்றாள். அவள் சொல்லும் வரை அது குத்துகிறது என்பது எனக்குத் தெரியாது.

2024 டிசம்பர் 8

நவம்பர் கடைசி வெள்ளம் வடிந்து ஒரு கிழமை. தண்ணீருக்குள் ஓடியவர்கள் எல்லாரும் டிரமைத் திறந்து பாருங்கள். டிஸ்க் நனைந்தால் சில முறை மிதித்ததும் காய்ந்துவிடும். டிரமுக்குள் போன தண்ணீர் வடியும், சேறு வடியாது. என் பின் டிரம் இரண்டிலும் தேக்கரண்டியால் அள்ளும் அளவுக்குக் களி. புதுச் சூ, கம்பனிப் பெட்டியில் வாங்கியது, நான்கு மாதம்கூட ஓடவில்லை. சேறு அரைத்துக் கோடு கோடாக இருக்கிறது. மணல்தாள் போட்டு மீண்டும் பூட்டினோம்.

தண்ணீரைக் கடந்த உடனே செய்யக்கூடியது: மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாகப் பிடித்துச் சிறிது தூரம் போனால் சூட்டில் காயும். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துச் செய்யுங்கள்.

2025 பெப்ரவரி 23

செங்கலடித் தம்பி ஒரு வருடம் கழித்து எழுதியிருக்கிறார்: கடைசியில் தான் எதை வாங்கினார் என்று நான் கேட்கவில்லையே என்று.

வாகன இறக்குமதி இந்த மாதம் மீண்டும் திறந்திருக்கிறது. புது வானின் விலையைக் கேட்டேன். இந்த டொல்பினைத்தான் இன்னும் ஓட்டப்போகிறேன். ஆகவே இன்று முன் பிரேக் முழுவதையும் செய்தோம். பாட் நானாவின் கடையில், அக்கேபோனோவின் சொந்தப் பெட்டி. கம்பனிப் பெட்டிக்கும் அதற்கும் இருந்த விலை வித்தியாசத்தில் இரு பக்கமும் புதுக் கலிப்பர் பின், ரப்பர் உறை, ஒரு லீற்றர் டொட் 4 வாங்கினேன், இன்னும் மிச்சமிருந்தது. டிஸ்கின் ஓரத்தில் குத்தியிருக்கும் குறைந்தபட்சத் தடிப்பை அளந்து பார்த்தோம், இன்னும் இடமிருக்கிறது. லேத்தில் ஒருமுறை மெல்லக் கடைந்தோம்.

தம்பி வாங்கியது கம்பனிப் பெட்டி. நான் முதல் நாள் சொன்னதை நம்பி அன்றே வாங்கிவிட்டாராம். இப்போது ஐந்து மில்லிமீற்றர் மிச்சம், சத்தமில்லை என்கிறார். கலிப்பர் பின்னைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஆரையம்பதிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

2025 பெப்ரவரி 24

புதுப் பாட்டை டிஸ்கோடு பதிய வைத்தேன். தாழங்குடாவுக்கும் கிரான்குளத்துக்கும் நடுவில், அதிகாலை, பிள்ளைகள் ஏறுவதற்கு முன்: ஐம்பதிலிருந்து பதினைந்துக்கு மெதுவாகப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறவிட்டு. குருக்கள்மடத்தில் அதே வேலிக்கு முன்னால் ஒருமுறை அழுத்தி நிறுத்திப் பார்த்தேன். வான் தன் வரிசையிலேயே நேராக நின்றது.